‘ஓவனில் வைக்கலாமா?’ என்று கேட்டால்...

பாத்திரம் வாங்க வருகிறவர்கள் முன்பெல்லாம் எடையைக் கேட்பார்கள், சுண்டிப் பார்ப்பார்கள், பெயர் வெட்டித் தருவீர்களா என்பார்கள். இப்போது அதோடு இன்னொரு கேள்வியும் வருகிறது: “இதை ஓவனில் வைக்கலாமா?” நம்மில் பலர் யோசிக்காமலே சொல்லும் பதில், “தாராளமா வைக்கலாம்மா!” பாத்திரக் கடைக்காரர்கள் மட்டுமல்ல, தீபாவளி சீசனில் கண்ணாடிக் கிண்ண செட்டுகளை வாங்கி அடுக்கும் மளிகைக் கடை நண்பர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

எந்த ஓவன் என்று நாம் கேட்பதே இல்லை. நம் ஊர் வீடுகளில் மைக்ரோவேவுக்கும் ஓவன் என்றுதான் பெயர், கேக் செய்யும் ஓ.டி.ஜி.க்கும் ஓவன் என்றுதான் பெயர். இரண்டும் வேறு வேறு சங்கதி. மைக்ரோவேவ் உணவில் உள்ள ஈரத்தைச் சூடாக்குகிறது. பாத்திரம் அந்த உணவின் சூட்டில்தான் சூடாகிறது. அதில் எவர்சில்வர் ஆகாது. தங்க வளையம் போட்ட பீங்கான் தட்டைக்கூட வைக்கக்கூடாது, பொறி பறக்கும். ஓ.டி.ஜி. அப்படியல்ல. கம்பி பழுத்து, பெட்டி முழுவதும் 250 டிகிரி வரை காயும். அங்கே பிளாஸ்டிக் பிடி இல்லாத எவர்சில்வர், அலுமினிய கேக் டின், இரும்புச் சட்டி எல்லாம் சரி. ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று அச்சிட்ட பிளாஸ்டிக் டப்பாவை அதற்குள் வைத்தால் உருகி வழியும்.

நம்மிடம் சரக்கெடுக்கும் ஒரு சில்லறைக் கடையில் நடந்தது இது. ஓர் அம்மையார் மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரம் வாங்கிப் போனார். “எல்லா ஓவனுக்கும் ஆகும்” என்று கடைப் பையன் சொல்லியிருக்கிறான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேராக, காய்ந்திருந்த ஓ.டி.ஜி.க்குள் வைத்திருக்கிறார். படாரென்று சிதறிவிட்டது. நல்ல வேளை, கதவு மூடியிருந்தது. கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நம்மிடம் சண்டைக்கு வந்தார். பெட்டியை எடுத்துப் பார்த்தோம். “மைக்ரோவேவுக்கு மட்டும்” என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது. ஆனால் அந்தப் பெட்டி நம் குடோனில் அல்லவா கிடந்தது! கேஸைப் பிரித்து, பேப்பர் சுற்றி, அரை டஜன் லூசாக அனுப்பியது நாம்தான். பையனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

கண்ணாடியில் சங்கதி இதுதான். சாதாரணக் கண்ணாடி சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்தது. போரோசிலிக்கேட் என்பது போரான் சேர்ந்தது. சூட்டில் அது விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் சூட்டையும் குளிரையும் கூடுதலாகத் தாங்குகிறது. அதற்காக, கொதிக்கக் கொதிக்க எடுத்து ஈரமான கிரானைட் மேடையில் வைத்தால் அதுவும் விரிசல் விடலாம். பிராண்டு பெயரை மட்டும் நம்புவதும் போதாது. 1915-ல் அமெரிக்காவில் கார்னிங் கம்பெனி பைரெக்ஸ் என்று கொண்டுவந்தது போரோசிலிக்கேட் சரக்கு. பிற்காலத்தில் அதே பெயரில் அங்கே விற்பது சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியாக மாறிவிட்டது. பெட்டியில் கண்ணாடி வகையும் எத்தனை டிகிரி என்பதும் போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் கொள்முதல் செய்ய வேண்டும். பளபளவென்று வெள்ளையாக இருக்கும் ஓபல் தட்டு, கிண்ணங்களில் பெரும்பாலானவை மைக்ரோவேவோடு சரி. மெலமைன் இரண்டுக்குமே ஆகாது.

பிடியையும் மூடியையும் யாரும் பார்ப்பதில்லை. நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரிக்கு மேல் கெட ஆரம்பிக்கும் என்றால், பேக்கலைட் பிடி அதற்கு வெகு முன்பே கருகி நாறும். கண்ணாடி டப்பா தாங்கினாலும் அதன் பிளாஸ்டிக் மூடி ஓ.டி.ஜி.யில் தாங்காது. ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் கேக் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்து உருக்கிவிட்ட வீடுகள் நமக்குத் தெரியும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். ஒரு வியாபாரம் போனது, போகட்டும்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன் 86-வது பிரிவு விற்பனையாளரைப் பற்றியது. தயாரிப்பாளர் சொல்லாத உத்தரவாதத்தை நாமாகவே கொடுத்து, பொருள் அதன்படி இல்லாமல் தீங்கு நேர்ந்தால் நாம் பதில் சொல்ல வேண்டும். தயாரிப்பாளரின் எச்சரிக்கையையும் உபயோகக் குறிப்பையும் வாங்குகிறவரிடம் சேர்க்காமல் விட்டு, அதனால் தீங்கு நேர்ந்தாலும் அப்படியே. “தாராளமா வைக்கலாம்மா” என்பது முதல் வகை. குடோனில் கிடந்த அந்தப் பெட்டி இரண்டாவது வகை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, கேஸைப் பிரித்து அனுப்பும் ஒவ்வொரு கட்டிலும் பெட்டியின் குறிப்பை ஜெராக்ஸ் எடுத்து உருப்படிக்கு ஒன்றாக வைக்கிறோம். செலவு பெரிதல்ல, சோம்பல்தான் பெரிது. நம் ஆட்கள் முதல் வாரம் முணுமுணுத்தார்கள். மற்ற மொத்த வியாபாரிகளும் இதைச் செய்யலாம். லூசாக எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் பில் போடும்போதே சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் நிற்கும் பையனுக்கு, பதில் சொல்லுமுன் “மைக்ரோவேவா, கேக் ஓவனாம்மா?” என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். இந்தச் சீசன் சரக்கு கடைக்கு வந்து இறங்குமுன் சொல்லிவிடுவது நல்லது.