திறனற்ற வேலை என்னும் பொய்

நெகிரி செம்பிலான் தோட்டங்களைப் பற்றிப் பேசுவோரிடையே ஒரு கருத்து நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. பால்மரம் வெட்டுவதும் செம்பனைக் குலை வெட்டுவதும் பயிற்சி வேண்டாத வேலைகள் என்றும், அவற்றை விட்டு வெளியேறும் இளைஞர்கள் உழைக்க மனமில்லாதவர்கள் என்றும் அது சொல்கிறது. இவற்றுள் முதற்கூற்று பொய். இரண்டாவது அந்தப் பொய்யின்மேல் எழுப்பப்பட்டது.

ரப்பர் மரத்தின் பால், பட்டைக்குள் ஓடும் நுண்குழாய்களில் நிற்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே, இரண்டையும் புதிதாக உண்டாக்கும் மெல்லிய அடுக்கான வளர்திசுவை ஒட்டியே அக்குழாய்கள் மிக அடர்ந்திருப்பதால், கத்தி அந்த அடுக்கைத் தொடுவதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னதாக நின்றுவிட வேண்டும். அதற்கும் முன்னரே நின்றால் பால் குறையும்; கடந்து சென்றால் மரம் காயப்பட்டு, மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி அடுத்த சுற்று வெட்டுக்கு உதவாமற்போகும். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். சீவும் பட்டையின் கனமும் மிகக்கூடாது, ஏனெனில் மரத்தின் 25 ஆண்டுக்கால வருவாய் அப்பட்டையைச் சிக்கனமாகச் செலவிடுவதைப் பொறுத்தது. மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும் விடியலுக்கு முந்தைய இருளில், தலைவிளக்கின் ஒளியில், ஏறத்தாழ 500 மரங்களை இந்த அளவு பிசகாமல் வெட்டி முடிப்பவரைத் திறனற்றவர் என்று எழுதிவைத்தது பெரும் அநீதி.

செம்பனையிலும் இதே நிலைதான். குலை பழுத்ததா என்பதைத் தரையில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைக் கண்டு வெட்டுபவரே முடிவு செய்கிறார். காய்க்குலையை வெட்டினால் ஆலையில் எண்ணெய் குறைகிறது, பழுத்ததை விட்டுவைத்தால் எண்ணெயின் தரம் கெடுகிறது. பெருந்தொற்றுக்காக எல்லை மூடப்பட்டு வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு நின்றபோது, 2020இல் ஏறத்தாழ 191 லட்சம் டன்னாக இருந்த மலேசியாவின் செம்பனை எண்ணெய் உற்பத்தி 2021இல் 181 லட்சம் டன்னாகச் சரிந்ததற்கு ஆள் பற்றாக்குறை முதன்மையான காரணங்களுள் ஒன்று. யாரை வேண்டுமானாலும் நிறுத்திச் செய்துகொள்ளக்கூடிய வேலையாக அது இருந்திருந்தால், உள்நாட்டில் வேலையிழந்து நின்றவர்களைக் கொண்டே அந்த ஆண்டை ஈடுகட்டியிருக்கலாம்.

இந்தப் பொய் நிலைத்திருப்பதற்குக் காரணம் அது மலிவானது என்பதே. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஆர்ஆர்ஐஎம் 600 போன்ற உயர்விளைச்சல் இனங்களைத் தந்தபோது ஒரு ஹெக்டேரின் விளைச்சல் பழைய விதைக்கன்று மரங்களைப்போலப் பன்மடங்காயிற்று. ஆனால் வெட்டுபவரின் கூலி அவருடைய கைத்திறனோடு அன்றி, ரப்பரின் சந்தை விலையோடும் அன்றாட எடையோடும் கட்டப்பட்டிருந்தது. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் நிலையான மாதச் சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. நாடு தழுவிய முதல் குறைந்தபட்சச் சம்பளம், தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக, நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். இருபதாண்டு அனுபவமும் நேற்று வந்த கையும் ஒரே ஏட்டில் ஒரே படியில் நிற்கும் தொழிலை விட்டு இளைஞர் வெளியேறுவது சோம்பல் ஆகாது. அது சரியான கணக்கு.

இந்தத் திறனை முறையாகப் பழகவும் அதற்குச் சான்று பெறவும் சட்டத்தில் வழி இல்லாமலில்லை. 1966ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் வேலை நேரத்தை வரையறுப்பதோடு, எழுத்து ஒப்பந்தத்தின் கீழ் தொழில் பழகுவதையும் அனுமதிக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பல தலைமுறைகளாகக் கண்டதோ, பெற்றோரின் கணக்கில் எடை கூடுவதற்காக ஒட்டுப்பாலும் உதிரிப் பழமும் பெயரில்லாமல் பொறுக்கித் தந்த வேலை. மலேசியத் திறன் சான்றிதழைப் பெற, பயிலகம் செல்வதோடு வேறு இரு வழிகளும் உண்டு: பயிற்சியின் பெரும்பகுதியை வேலையிடத்திலேயே நடத்தும், 2005இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறை ஒன்று, ஏற்கெனவே உள்ள அனுபவத்தைச் சான்றுகளோடு மதிப்பிட்டு வழங்கும் முறை மற்றொன்று. அம்பாங்கான் தொழிற்கல்லூரியும் போர்ட்டிக்சன் பாலிடெக்னிக்கும் தேவையானவையே. ஆனால் மலேசியக் குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு அரசுப் பயிலகத்தின் கதவு திறப்பதில்லை என்பதையும், 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்ற பல்லாயிரம் தோட்டத் தொழிலாளரை வேலையிலிருந்து விலக்கிய நாளிலிருந்தே குடியுரிமையின்மை ஒரு தடையாகத் தொடர்கிறது என்பதையும் மறைத்துவிட்டுப் பயிற்சியைப் பற்றிப் பேசுவது நேர்மையன்று.

நீலாயிலும் லாபுவிலும் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிக்கொண்டிருக்கையில், 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு விதிகள் ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் கூலி தருகின்றன. அவருக்கு என்ன தெரியும் என்பதற்கு ஒரு தாளும் தருவதில்லை. செனாவாங் தொழிற்சாலையில் அவர் மறுபடியும் கடைசிப் படியில் சேர்க்கப்படுகிறார். நிலத்தின் பயன்பாட்டை மாற்ற அனுமதி தரும் அதிகாரம் தேசிய நிலச் சட்டத்தின்படி மாநில அரசிடமே இருப்பதால், தோட்டத்தை மூடும் நிறுவனம் அங்குள்ள ஒவ்வொரு தொழிலாளரின் அனுபவத்துக்கும் தன் செலவில் திறன் சான்றிதழ் பெற்றுத் தரவேண்டும், வேலை வயதுப் பிள்ளைகளுக்கு இரட்டைப் பயிற்சியில் இடம் ஏற்பாடு செய்யவேண்டும் என்று அந்த அனுமதியிலேயே நெகிரி செம்பிலான் அரசு நிபந்தனை எழுத வேண்டும்.