பாண்டுப் உப்பளத்தில் அஸ்திவாரம் போடும் முன்

மகாராஷ்டிர மாநில வீட்டுவசதித் துறை அமைச்சர் அவர்களுக்கு,
மந்திராலயா, மும்பை

பொருள்: மும்பை பாண்டுப் பகுதியில் ஏழைகளுக்காகக் கட்டப்படவுள்ள வீடுகளும் அவற்றின் மாதாந்திரச் செலவும்

பாண்டுப்பின் ஏழைக் குடியிருப்புப் பிரச்சினைக்கு இரண்டு விளிம்புகள் உண்டு. ரயில் நிலையத்துக்கு மேற்கே லால் பகதூர் சாஸ்திரி சாலையைத் தாண்டியதும் நிலம் மேடேறுகிறது. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காட்டோரம் வரை ஜோபட்பட்டிகள் (குடிசைப் பகுதிகள்) ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. கிழக்கே விரைவு நெடுஞ்சாலைக்கு அப்பால் உப்பளங்கள், அலையாத்திக் காடு, தாணே கழிமுகம். மேற்கு விளிம்பில் இருப்பவர்கள் பல ஆண்டுகளாகப் பாதுகாப்பான வீட்டுக்குக் காத்திருக்கிறார்கள். கிழக்கு விளிம்பில், தாராவியில் இடம் கிடைக்காதவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்த அரசு நிலம் ஒதுக்கியிருக்கிறது. காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் ஒன்றிய அரசுக்குச் சொந்தமான ஏறத்தாழ 256 ஏக்கர் உப்பள நிலத்தை தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் வாடகைக் குடியிருப்புகளுக்குப் பயன்படுத்த 2024-இல் ஒப்புதல் தரப்பட்டது.

இந்த ஒதுக்கீடு தமிழர்களை நேரடியாகத் தொடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் தாராவியில் வாழ்கிறார்கள். திட்ட விதிப்படி 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011 வரை வந்த தரைத்தளக்காரர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, விலை இரண்டரை லட்சம் ரூபாய். அதற்கும் பின் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வாடகை கட்டிப் பின்னர் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு. ஒரே சந்தில், ஒரே படிக்கட்டைப் பகிர்ந்துகொண்டு, கீழே அண்ணனும் மேலே தம்பியுமாகக் குடும்பம் நடத்துவது தாராவியில் சாதாரணம். புதிய கணக்கில் அண்ணன் தாராவியில் தங்குவார். தம்பி உப்பளத்துக்குப் போவார்.

வீடு எங்கே, எத்தனை சதுர அடி, யாருக்குத் தகுதி என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே மும்பையின் குடிசை மாற்றுக் கொள்கை இதுவரை ஓடியிருக்கிறது. குடிசைப் புனரமைப்பு ஆணையம் 1995-இல் தொடங்கியபோது இலவச வீட்டின் அளவு 225 சதுர அடி. பிறகு அது 269 ஆனது, இப்போது 300. ஒவ்வொரு உயர்வும் நியாயமானதுதான். ஆனால் நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது: சாவி கையில் வந்தபின் அந்த வீட்டில் மாதா மாதம் குடியிருக்க எவ்வளவு ஆகும்? இதற்கு எந்த விதியிலும் நேரான பதில் கிடையாது. இலவசமாக வந்த வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ மறுபடி ஜோபட்பட்டிக்குத் திரும்புகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசுவது எளிது. மெயின்டனன்ஸ் கட்ட முடியாமல் போனதுதான் அவர்களில் பலர் வெளியேறியதற்குக் காரணம்.

குடிசையில் இல்லாத மூன்று செலவுகள் பில்டிங்கில் வந்து சேர்கின்றன: லிஃப்ட், தண்ணீர் பம்ப், பொது விளக்கு. மூன்றுமே மின்சாரம். 22 மாடி, 200 வீடுகள் கொண்ட ஒரு கட்டிடத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். வீட்டுக்கு ஒரு நாளைக்கு 600 லிட்டர் என்றால் மொத்தம் 1,20,000 லிட்டர் தண்ணீர் சுமார் 70 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். பம்பின் திறன் பாதி என்று வைத்தால் இதற்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 யூனிட் பிடிக்கும். இரண்டு லிஃப்டும் விடிய விடிய எரியும் மாடிப்படி விளக்குகளும் இதற்கு மேல். இந்தப் பொது மின்கட்டணம் சொசைட்டியின் பெயரில் வருகிறது. சில குடும்பங்கள் பணம் கட்டத் தவறினால் பாக்கி ஏறும்; பாக்கி ஏறினால் லிஃப்ட் நிற்கும். லிஃப்ட் நின்ற கட்டிடத்தின் பதினெட்டாவது மாடியில் வசிக்கும் முதியவர் மருத்துவமனைக்குப் போவதே நின்றுவிடும். பராமரிப்புக்கென்று பில்டர் வைப்புத்தொகை செலுத்த வேண்டும் என்ற விதி இருக்கிறது. 1990-களின் விதியில் அது வீட்டுக்கு 20,000 ரூபாய், பின்னர் உயர்த்தப்பட்டது. அதன் வட்டியை நம்பி உயரமான கட்டிடம் ஓடாது.

சூரிய மின்சாரம் கைகொடுக்கும் இடம் இதுதான். அதே கட்டிடத்தின் மொட்டைமாடி 400 சதுர மீட்டர் என்றால், தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை போகப் பாதி இடம் மிஞ்சும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வேண்டும். ஆக 20 கிலோவாட். சராசரியாக ஒரு நாளைக்கு 80 யூனிட் கிடைக்கும். மழைக்காலத்தில் குறையும், மார்ச், ஏப்ரலில் கூடும். 200 வீடுகளின் விசிறிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் இது எந்த மூலைக்கும் போதாது. உயரக் கட்டிடத்தின் கூரை எல்லா வீட்டுக்கும் இலவச மின்சாரம் தரும் என்று எந்த மேடையிலும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் பம்பின் செலவு முழுவதையும் லிஃப்ட், விளக்குச் செலவில் ஒரு பங்கையும் அது ஏற்கும். சொசைட்டியை முறிக்கும் சுமையும் அதே செலவுதான். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. இந்தக் கட்டிடத்துக்கு அது 3,60,000 ரூபாய்.

தமிழர்கள் கணிசமாக வாழும் சிங்கப்பூரில் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியிருக்கிறார்கள். அங்கே 2014-இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நூற்றுக்கணக்கான அடுக்குமாடிகளின் கூரைகளைச் சேர்த்து ஒரே ஒப்பந்தமாக ஏலம் விடுகிறது. பகலில் உற்பத்தியாகும் மின்சாரம் முதலில் லிஃப்ட், பம்ப், பொது விளக்குகளுக்குப் போகிறது. மீதி மின்கட்டமைப்புக்குப் போகிறது. தனித்தனிச் சொசைட்டியாகப் பேரம் பேசினால் கிடைக்காத விலை மொத்தமாகப் பேசினால் கிடைக்கிறது. பாண்டுப்பிலும் காஞ்சூர்மார்க்கிலும் கட்டப்படப்போகும் வாடகைக் குடியிருப்புகள் ஒரே அமைப்பின் கீழ் வருவதால் இங்கும் அந்த வசதி இருக்கிறது. 2018-இல் வெளியான குடியிருப்புக் கட்டிடங்களுக்கான எரிசக்தி விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதாவும், எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் இதற்குச் சட்ட அடித்தளம் போட்டுவிட்டன. மும்பை மாநகராட்சி 2022 மார்ச்சில் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம் 2050-க்குள் நிகரச் சுழிய உமிழ்வை இலக்காகக் கொண்டது. நகரத்தின் உமிழ்வில் பெரும்பங்கு கட்டிடங்களும் தொழிலகங்களும் செலவழிக்கும் எரிசக்தியிலிருந்து வருவதாக அதே ஆவணம் சொல்கிறது. ஆயிரக்கணக்கில் எழப்போகும் ஏழை வீடுகளை விட்டுவிட்டு அந்த இலக்கை எட்ட முடியாது.

மின்சாரத்தைக் குறைக்கும் வழி பேனலில் தொடங்குவதில்லை, சுவரிலும் சன்னலிலும் தொடங்குகிறது. மான்குர்த், கோவண்டி வட்டாரத்தில் இடம்பெயர்க்கப்பட்டவர்களுக்காகக் கட்டிய நட்வர் பாரேக் காம்பவுண்ட், லல்லுபாய் காம்பவுண்ட் ஆகியவற்றில் கட்டிடங்களுக்கு இடையே மூன்று மீட்டர்தான் இடைவெளி. கீழ்மாடிகளில் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. 2018-இல் மருத்துவர்களும் மும்பை ஐஐடி ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வில், இந்த இரண்டு குடியிருப்புகளிலும் காசநோய் அதிகமாகவும், இடைவெளி விட்டுக் கட்டிய பக்கத்துக் குடியிருப்பில் மிகக் குறைவாகவும் இருந்தது தெரியவந்தது. வெயிலும் காற்றும் நுழையாத வீடு மின்கட்டணத்தோடு மருந்துச் செலவையும் கூட்டுகிறது. குடிசைப் புனரமைப்புக் கட்டிடங்களுக்குத் திறந்தவெளி விதிகளில் தரப்படும் சலுகை பில்டருக்குப் பெரிய லாபம்; அதன் விலையைக் குடியிருப்பவரின் நுரையீரல் கட்டுகிறது. பாண்டுப்பில் இந்தச் சலுகை ஒரு கட்டிடத்துக்குக்கூடத் தரப்படக் கூடாது.

செம்பூரை அடுத்த மாஹுல் இன்னொரு பாடம். தான்சா தண்ணீர்க் குழாயோரம் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2017 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே உள்ள மாஹுல் குடியிருப்பில் கொண்டுபோய் விடப்பட்டன. காற்று மாசால் நோய்வாய்ப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை தரும்படி அரசுக்கு உத்தரவிட்டது. கட்டிய வீட்டையும் வைத்துக்கொண்டு வாடகையும் கட்டும் நிலை அரசுக்கு வந்தது. காஞ்சூர்மார்க்கில் குப்பைக் கிடங்கு இருக்கிறது. தாராவிக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்ட தியோனார் நிலமும் குப்பை மேட்டோடு சேர்ந்ததுதான். மாஹுலில் நடந்தது அங்கெல்லாம் நடக்காமலிருக்க, காற்று, மண், நீர் ஆய்வு முடிவுகள் ஒதுக்கீட்டுக்கு முன்பே மராத்தியிலும் தமிழிலும் இந்தியிலும் மக்கள் கையில் இருக்க வேண்டும்.

உப்பளம் வெற்று நிலம் என்ற எண்ணமும் தவறு. பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வரும் நாளில் தண்ணீர் தங்கி வடிவது அங்கேதான். பக்கத்துத் தாணே கழிமுகம் 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பூநாரை சரணாலயம். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நகரம் இது. உப்பளத்தில் எழுப்பும் ஒவ்வொரு அடித்தளமும் அந்தத் தண்ணீரை வேறு யாருடைய வீட்டுக்குள்ளாவது அனுப்பும். நகரத்துக்குள் இருக்கும் அரசு நிலங்களையும் ஏற்கெனவே கட்டிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் கணக்கெடுத்த பிறகே உப்பளத்தில் கைவைப்பது முறை.

மேற்கு விளிம்புக்கு வந்தால், அங்கே அவசரம் உயிரோடு சம்பந்தப்பட்டது. 2021 ஜூலை 18 அதிகாலை மழையில் செம்பூர் மாஹுலிலும் விக்ரோலியிலும் சுவரும் மண்ணும் சரிந்து வீடுகள் மேல் விழுந்தன. பாண்டுப்பிலும் சுவர் இடிந்து ஒரு சிறுவன் இறந்தான். மும்பையில் அன்று மொத்தம் 30 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். அதே மழையில் நகரத்தின் பெரும்பகுதிக்குக் குடிநீர் தரும் பாண்டுப் சுத்திகரிப்பு நிலையமும் வெள்ளத்தில் நின்றது. மும்பையில் நிலச்சரிவு அபாயம் மிகுந்த இடங்களாக மாநகராட்சி அடையாளம் கண்டவற்றில் பல பாண்டுப்பை உள்ளடக்கிய எஸ் வார்டில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன் அங்கே காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். போக இடம் சொல்லாத நோட்டீஸ் யாரையும் காப்பாற்றாது. பாண்டுப்பில் புதிதாக வீடு எழுமானால் முதல் வரிசை இந்தச் சரிவுக்காரர்களுக்கே கிடைக்க வேண்டும். அவர்களிடம் கட்-ஆஃப் தேதி கேட்பது மனிதத்தன்மை ஆகாது.

இனி பிழைப்பு. தாராவியில் வீடே தொழிற்கூடம். இட்லி வியாபாரம் செய்யும் குடும்பத்தில் சாயங்காலம் கிரைண்டர் ஓடும். விடிவதற்குள் பாத்திரங்கள் அடுப்பிலிருந்து இறங்கி, ஆள் கூடையோடு முதல் ரயிலைப் பிடித்திருப்பார். அந்தக் குடும்பம் சயானிலிருந்து ஆறாவது நிலையமான பாண்டுப்புக்கு மாறும்போது மின்சாரம் தருபவரும் மாறுகிறார்: தாராவியில் பெஸ்ட், பாண்டுப்பில் மகாவிதரண். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் படிநிலைக் கட்டணத்தில், கிரைண்டரும் தையல் மோட்டாரும் ஓடும் வீடு மேல்படிக்குத் தள்ளப்படும். வீட்டிலேயே செய்யும் சிறுதொழிலுக்கு வணிகக் கட்டணம் விதிக்கப்படாது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். இந்தச் சுமையைக் குறைக்க ஒரு முன்மாதிரி உண்டு: டெல்லி மின் ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் கூட்டுச் சூரிய மின்சாரத்துக்கு விதி வகுத்தது. ஓரிடத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தைப் பல வீடுகளின் மீட்டரில் கழித்துக்கொள்ளும் வசதி அது. சொந்தக் கூரை இல்லாத வாடகைக் குடும்பத்துக்குச் சூரிய மின்சாரத்தில் பங்கு கிடைக்க இந்த வழியே இருக்கிறது.

மாநில அரசு 2025 மே மாதத்தில் ஏற்றுக்கொண்ட வீட்டுவசதிக் கொள்கை “என் வீடு, என் உரிமை” என்ற பெயரோடு 2030-க்குள் 35 லட்சம் வீடுகளை இலக்காக வைத்திருக்கிறது. அந்தக் கொள்கையின் கீழ் பாண்டுப் குடியிருப்புகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அமைச்சர் சில நிபந்தனைகளை அதில் எழுதவைக்க வேண்டும். கூரையும் அதன் மின்சாரமும் குடியிருப்போர் சங்கத்துக்கே சொந்தம்; பில்டருக்கோ விளம்பரப் பலகைக்கோ போகக் கூடாது. பேனல், இன்வெர்ட்டர், லிஃப்ட் மூன்றையும் முதல் பத்தாண்டு பராமரிப்பது கட்டியவர் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டின் உத்தேச மாதச் செலவும் ஒதுக்கீட்டுக் கடிதத்திலேயே ரூபாயில் அச்சிடப்பட வேண்டும். அந்தத் தொகை குடும்பத்தின் வருமானத்துக்குத் தாங்காது என்றால், தவறு கட்டிடத்தின் வரைபடத்தில் இருக்கிறது. அதைத் திருத்திவிட்டே அஸ்திவாரம் தோண்ட வேண்டும். இவற்றை எழுதிச் சேர்க்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அமைச்சரின் கையெழுத்து போதும். அதை விரைவில் இட வேண்டும் என்று பாண்டுப், தாராவி மக்கள் சார்பில் கேட்டுக்கொள்ளப்படுகிறது.