பழுது பெட்டியில் இல்லை

அரசியலையும் பத்திரிகைத் தொழிலையும் பற்றியே இங்கு எழுதிவருபவன் ஹோம் தியேட்டர் ரிசீவரைப் பற்றி எழுதப் புறப்பட்டது ஏன் என்று வழக்கமான வாசகர்கள் கேட்கக்கூடும். ஒரு முதியவர் தமது நெருங்கிய நண்பரின் மரணச் செய்தியைப் பதினொரு நாட்கள் பிந்தி அறிந்தார் என்பதே காரணம். அந்தப் பதினொரு நாட்களும் அவரது வீட்டில் பத்துக் கிலோ நிறையுள்ள ஒரு பெட்டி, விளக்குகள் எல்லாம் எரிந்தபடி, வாய் பேசாமல் இருந்தது.

முதியவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். புதுக்குடியிருப்பில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் வசிக்கிறார். கண்பார்வை மங்கிவிட்டதால் பத்திரிகை வாசிக்க இயலாது. கைத்தொலைபேசித் திரையும் அவருக்கு வெறும் வெளிச்சம்தான். ரொறன்ரோவிலுள்ள மகன் தமக்குப் புதிய ரிசீவர் ஒன்றை வாங்கியபின், பழையதைத் தகப்பனுக்குக் கொண்டுவந்து பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். இணையத்தினூடாக லண்டன், ரொறன்ரோத் தமிழ் வானொலிகளை அதில் கேட்கலாம். ஈழத்தமிழருக்கு வானொலி என்பது பாட்டுக்கும் செய்திக்கும் முன்னதாக மரண அறிவித்தல் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. உடன்படித்தவர்களும் உடன்வேலை செய்தவர்களும் உலகெங்கும் சிதறிப்போன பின், யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்பதை அந்த மனிதர் அறிந்துகொண்டது அந்தப் பெட்டியின் வழியாகவே.

“உது என்ன தம்பி, லைற் எல்லாம் எரியுது, ஒரு சத்தத்தையும் காணேல்லை” என்றார், நான் போனபோது. ரொறன்ரோவிலிருந்து மகன் தொலைபேசியில் தீர்ப்பு வழங்கிவிட்டிருந்தார்: “அப்பா எதையோ அமத்திப்போட்டார்.”

இந்த வாக்கியம்தான் என்னை எழுதத் தூண்டியது. கருவி ஒன்று வேலை செய்யாவிட்டால் நாம் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வீட்டிலுள்ள முதியவரைத்தான். அவர் எதையும் அமத்தவில்லை. அமத்தியவன் வேறெங்கோ இருந்தான்.

நிற்க. இதே மனிதரை எனக்கு 1996 முதல் தெரியும். வலிகாமத்திலிருந்து 1995 ஒக்டோபரில் புறப்பட்டு, அலைந்து, அடுத்த ஆண்டு வன்னிக்கு வந்துசேர்ந்த ஆயிரமாயிரம் பேரில் நானும் ஒருவன். அப்போது வன்னியில் மின்கம்பி மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். ஆயினும் இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்காத ஊர் இருந்ததா? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தோம். டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற்று. நான்கு பற்றரி போடும் வானொலிக்கு வேண்டியதும் அதே 6 வோல்ற்றுத்தான். டைனமோவின் ஆடலோட்ட மின்னை நேரோட்டமாக்க நான்கு டயோட்டுகளும் ஒரு கப்பாசிற்றரும் போதுமாயிருந்தன. வேகமாகச் சுற்றினால் வானொலி எரிந்துவிடும். மெதுவாகச் சுற்றினால் செய்தியாளர் குரல் தேய்ந்துவிடும். தபாலதிபர் வீட்டு முற்றத்தில் பத்துப்பதினைந்து பேர் குந்தியிருக்க, அவரே சுற்றுவார். கை நோகும்போது மாற்றாள் வருவார். மூன்று வாற்றில் உலகம் எங்களுக்குக் கேட்டது.

மகன் கொண்டுவந்த ரிசீவர் சும்மா நிற்கும்போதே சுமார் ஐம்பது வாற்று இழுக்கிறது. அதற்கு உலகம் கேட்கவில்லை.

எனக்குத் தொழில்நுட்பப் படிப்பு இல்லை, கலைப்பட்டதாரி. ஆனால் ஒரு செய்தி எங்கே அறுந்தது என்று தேடிப்போவது என் தொழில். அதே முறையில் இதையும் தேடினேன்.

முதலில் மின்சாரம். கனடாவில் வாங்கிய பெட்டி 120 வோல்ற்றுக்கானது. இங்கே 230. மகன் அதை அறிந்து, மின்னழுத்தம் குறைக்கும் மாற்றி ஒன்றை இடையில் வைத்திருந்தார். அதில் குறையில்லை. அடுத்து எப்.எம். வட அமெரிக்கப் பெட்டிகள் 0.2 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில், ஒற்றைப்படைத் தசமங்களிலேயே தாவிச் செல்வன. 0.2, 0.4 என்று முடியும் இலங்கை அலைவரிசைகளில் அவை சரியாக நிற்பதில்லை. சிற்றலை அதில் அறவே இல்லை. ஆகவே இணையம் போனால் பெட்டி முக்கால் ஊமை.

மூன்றாவதாக வலையமைப்பு. ரிசீவரின் பட்டியலில் ‘நெற்வேர்க்’ பகுதிக்குள் சென்று அதன் எண் முகவரியைப் பார்த்தேன். அது 169.254 என்று தொடங்கியிருந்தால் ரவுட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். இங்கே 192.168 என்று ஒழுங்காகவே இருந்தது. பழைய ரிசீவர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைபை மட்டுமே தெரியும். புதிய ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் இயங்கினாலோ, புதிய வகைக் கடவுச்சொல் முறைக்கு மாறினாலோ அவை அனாதையாகிவிடும். அந்த ஐயத்தையும் போக்க, வைபையை விட்டு நேரடியாகக் கேபிளைச் செருகினேன். மாற்றமில்லை. மின்வெட்டுக்குப் பின் ரவுட்டர் விழித்தெழுமுன் ரிசீவர் எழுந்து, முகவரி கிடைக்காமல் முழிப்பதும் உண்டு. இரண்டையும் அணைத்து, ரவுட்டரை முதலிலும் ரிசீவரைப் பின்னரும் போட்டுப் பார்த்தேன். அதுவுமில்லை.

கடைசியாக, எனது மடிக்கணினியிலிருந்த பாட்டொன்றை அதே வலையமைப்பின் வழியாக ரிசீவருக்கு அனுப்பினேன். கணீரென்று பாடியது. வீட்டுக்குள் எல்லாம் சரி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. இணைய வானொலி என்ற பகுதியைத் திறந்தால் மட்டும் பட்டியல் வெறுமையாயிருந்தது.

விடயம் இதுதான். இத்தகைய ரிசீவர்களுக்கு எந்த வானொலி நிலையத்தின் இணைய முகவரியும் தெரியாது. ‘லண்டன் தமிழ் வானொலி’ என்று நாம் தெரிவு செய்யும் ஒவ்வொரு தடவையும், எங்கோ உள்ள ஒரு நிலையப் பட்டியல் சேவையிடம் போய், அதன் முகவரி என்ன என்று அவை கேட்கின்றன. அந்தச் சேவை தன் வாசலை மாற்றினாலோ, பழைய மாதிரிகளுக்குப் பதில் சொல்வதில்லை என்று தீர்மானித்தாலோ கதை முடிந்தது. லண்டனில் நிலையம் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். புதுக்குடியிருப்பில் பெட்டி காத்துக்கொண்டிருக்கும். இடையில் இணையமும் இருக்கும். ஆனால் பேச்சு இராது.

இதைச் சொன்னபோது தபாலதிபர் சற்று யோசித்தார். “அப்ப, விலாசப் புத்தகத்தை ஆரோ கொண்டுபோட்டான் எண்டு சொல்லும்” என்றார். நாற்பது ஆண்டுகள் தபாற்கந்தோரில் இருந்தவருக்கு எந்தப் பொறியியலாளரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இது ஒரு வீட்டில் நடந்த விபத்தென்று எண்ணவேண்டாம். பல இணைய வானொலிக் கருவிகள் நம்பியிருந்த ரெசிவா என்ற பட்டியல் சேவை 2021 இல் மூடப்பட்டது. அதே ஆண்டுக்கு முன், 2019 இன் இறுதியில், சோனோஸ் நிறுவனம் பழைய கருவியைக் கொண்டிருப்போருக்கு 30 சதவீதக் கழிவு தருவதாகச் சொல்லி, அதற்கு ஈடாக அந்தக் கருவியை மீண்டும் உயிர்ப்பிக்க முடியாதபடி முடக்கச் சொன்னது. கண்டனம் எழுந்தபின் 2020 இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. 2025 மார்ச்சில் ஒரு சான்றிதழின் பத்தாண்டுத் தவணை முடிந்ததால், கூகுளின் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ற்றும் குரோம்காஸ்ற் ஓடியோவும் உலகெங்கும் ஒரேயடியாக நின்றுபோய், சில நாட்களின் பின்னரே திருத்தப்பட்டன. இவற்றில் எந்த வீட்டிலும் கம்பி அறுந்ததில்லை. யாரும் எதையும் அமத்தியதுமில்லை.

நிறுவனங்கள் தருமச்சத்திரம் நடத்தவில்லை, சேவையகத்துக்குச் செலவாகும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். தமிழோசையும்தான் நின்றுபோயிற்று என்றும் சொல்வார்கள். உண்மை. 1941 இல் தொடங்கிய அந்த வானொலி 2017 ஏப்ரல் 30 உடன் நிறைவெய்தியது. ஆனால் அன்றிரவு யாருடைய வானொலிப் பெட்டியாவது செத்ததா? குமிழைத் திருகினால் அடுத்த நிலையம் பேசியது. ஒரு நிலையம் ஓய்வதும், கேட்பவனின் காது முழுவதையும் மூன்றாவது ஒருவன் மூடுவதும் எப்படி ஒன்றாகும்? டைனமோ சுற்றிய காலத்தில் எங்களிடம் பற்றரியைப் பறித்தவர்கள்கூட அலைவரிசை எண்ணைப் பறிக்க முடியவில்லை. அது எங்கள் தலைக்குள் இருந்தது.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. லொஜிரெக் நிறுவனம் தனது ஸ்குவீஸ்பொக்ஸ் கருவிகளுக்கான இணையச் சேவையை 2024 இல் மூடிற்று. ஆயினும் அக்கருவிகள் இன்றும் பாடுகின்றன. அவற்றுக்கான சேவையக மென்பொருள் தொடக்கம் முதலே திறந்த மூலமாக இருந்ததால், பயனர்களே அதை எடுத்து நடத்துகிறார்கள். சாவி வீட்டுக்காரனிடமும் இருந்ததால் வந்த பலன் இது.

தபாலதிபர் வீட்டிலும் அதையே செய்தோம். உள்ளங்கையளவான ராஸ்பெரி பை கணினி ஒன்றை ரவுட்டருடன் இணைத்தோம். நிலையப் பட்டியல் சேவைபோல நடந்துகொள்ளும் இலவச மென்பொருள் ஒன்றை, பயனர்கள் தாமாக எழுதி வெளியிட்டதை, அதில் ஏற்றினோம். அவர் கேட்கும் ஏழு வானொலிகளின் நேரடி முகவரிகளைத் தேடி அதில் எழுதிவைத்தோம். பின்னர் ரிசீவரின் நெற்வேர்க் பகுதியில் தன்னியக்க அமைப்பை நிறுத்தி, டி.என்.எஸ். என்ற இடத்தில் அந்தச் சிறு கணினியின் எண்ணைக் கொடுத்தோம். அந்த எண் மாறாதிருக்க ரவுட்டரில் அதற்கென ஒதுக்கியும் வைத்தோம். இப்போது ரிசீவர் தூரதேசத்துச் சேவையைத் தேடும்போது, அடுத்த மேசையிலிருக்கும் கணினி பதில் சொல்கிறது. “எங்கடை வீட்டிலேயே ஒரு உபதபாற்கந்தோர்” என்றார் ஐயா.

ஏழில் ஐந்து பேசின. இரண்டு பேசவில்லை. ஏன் என்பதில்தான் எனது அடுத்த கோபம்.

அந்த இரண்டும் நம்மவர் நடத்தும் தமிழ் வானொலிகள். ஒன்று தன் செயலிக்குள் மட்டுமே ஒலிக்கிறது. நேரடி முகவரி எங்கும் இல்லை. மற்றது பழைய கருவிகளுக்குப் புரியாத குறியாக்க இணைப்பில் மட்டும் ஒலிபரப்புகிறது. ‘உலகத் தமிழரின் உறவுப்பாலம்’ என்ற பாணியில் முழங்குபவர்களே, பாலத்துக்குப் படலை போட்டுப் பூட்டிவிட்டு யாரை உறவென்று அழைக்கிறீர்கள்? சாதாரண எம்.பி.3 ஓடை ஒன்றை, பழைய கருவிக்கும் எட்டும்படி திறந்துவைத்து, அதன் முகவரியை உங்கள் பக்கத்தில் எழுதிவைப்பது என்ன பெரிய வேலை? செய்திக்கும் மரண அறிவித்தலுக்கும் 64 கிலோபிற் போதும். ஒரு மணித்தியாலத்துக்கு 29 மெகாபைற்றுக்கும் குறைவு. டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் வன்னி வீட்டுக்கு அது பேருதவி.

உற்பத்தியாளரிடம் கேட்பதும் பெரிதல்ல. நிலைய முகவரியைப் பயனர் தாமே எழுதிவைக்க ஒரு இடம் தாருங்கள். இந்தப் பெட்டி எந்த ஆண்டுவரை உங்களை நம்பிப் பேசும் என்பதைப் பெட்டியின்மேல் அச்சிடுங்கள். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்துடன் இணையும் வீட்டுக் கருவிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எக்காலம்வரை வழங்கப்படும் என்பதை அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். திருத்தங்களுக்குக் காலம் குறிக்க முடியுமானால் பட்டியல் சேவைக்கு ஏன் முடியாது?

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உங்கள் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெட்டியைக் காவிவருமுன், நீங்கள் திரும்பிப் போனபின் அது யாரை நம்பி ஓடும் என்று ஒருமுறை கேளுங்கள். அது ஊமையானால், அப்பாவைக் குற்றஞ்சாட்டுமுன் கேபிளையும் முகவரியையும் பாருங்கள். ஊரில் ஒரு இளைஞனுக்கு அதைப் பார்க்கப் பழக்கிவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

நான் புறப்பட்ட அன்று மாலை லண்டனிலிருந்து மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. ஐயா கதிரையை ஒலிபெருக்கிக்கு அருகே இழுத்துப்போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஊரின் பெயர் வரும்வரை மூச்சை அடக்கிக் கேட்டார். பதினொரு நாட்களில் தவறவிட்ட அந்த ஒரு பெயரை இனி எந்தக் கணினியாலும் அவருக்கு உரிய நேரத்தில் சொல்ல முடியாது. ஈமக்கிரியை நடந்தபோது தொலைபேசியிலாவது அந்த வீட்டாருடன் நாலு வார்த்தை பேசியிருப்பேன் என்று மட்டும் சொன்னார்.

தமிழ் வானொலி நடத்துவோர் யாரேனும் இதை வாசித்தால், உங்கள் நேரடி முகவரியை எனக்கு எழுதுங்கள். இன்னும் இரண்டு இடங்கள் அந்தச் சிறு கணினியில் வெறுமையாகவே இருக்கின்றன.