நேர்முகமா, சாதிமுகமா?

உளவள ஆலோசனை முதுநிலைப் படிப்புக்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதாதாம். வருகிறவருக்குப் பொறுமை இருக்கிறதா, பிறர் துயரைக் காதுகொடுத்துக் கேட்பாரா என்று நேரில் பார்க்க வேண்டுமாம். நியாயம்தான். நான் கேட்பது ஒன்றுதான்: அந்த அறைக்குள் எதை அளக்கிறார்கள், எந்தக் கோலால்?

'பக்குவம்', 'ஆளுமை' என்கிறார்கள். இன்னதுதான் பக்குவம் என்று எழுதி வைக்காதவரை நுனிநாக்கு இங்கிலீஷும் வீட்டு முகவரியும்தான் பக்குவம். சேரியிலிருந்து வந்தவளிடம் "எந்த ஊரும்மா? அப்பா என்ன பண்றாரு?" அவ்வளவுதான், போகலாம்.

ஆலோசனைப் படிப்பு என்றில்லை, நேர்முகம் இருக்குமிடமெல்லாம் இதே கதை. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 மதிப்பெண் வைத்திருந்தார்கள். பேட்டி இரண்டு மூன்று நிமிடம். அஜய் ஹாசியா வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம், நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. பேட்டியை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது.

2016இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அப்துல் நஃபே குழு, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்முக மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியில் பாகுபாட்டின் தடத்தைக் கண்டது. 30ஐ 15ஆகக் குறைக்கச் சொன்னது. அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி நேர் எதிராக வந்தது: ஆராய்ச்சிப் படிப்புக்கு எழுத்துத் தேர்வு வெறும் வாசல், இடத்தைத் தீர்மானிப்பது நேர்முகம். சேலத்திலிருந்து அங்கே படிக்கப்போன முத்துகிருஷ்ணன், நேர்முகத்தில் சமத்துவம் இல்லை என்று எழுதினார். சில நாளில், 2017 மார்ச் 13 அன்று, இறந்துபோனார். 2018இல்தான் அந்த விதியைத் திருத்தி எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்றாக்கினார்கள்.

நான் வங்கிக் குமாஸ்தா. பத்து ரூபாய் உதைத்தால்கூட சாயங்காலம் கணக்கை மூட முடியாது, தேடியாக வேண்டும். ஒரு பிள்ளையின் பத்து மதிப்பெண் காணாமல்போனால் மட்டும் கேட்க நாதியில்லை.

எல்லோருக்கும் ஒரே கேள்விகள் வேண்டும். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று முன்பே அச்சிட வேண்டும். தேர்வாளர்கள் கலந்துபேசுமுன் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட வேண்டும். குழுவில் தலித் ஆசிரியர் இருக்க வேண்டும், ஒப்புக்கு அல்ல.

சாதியால் நொந்து வருகிறவர் பேச்சு, அந்த வலி தெரிந்த காதிலும் விழ வேண்டாமா? அந்தக் காதுகளைத்தான் வாசலிலேயே வடிகட்டுகிறார்கள்.

மாணவத் தோழர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 கையில் இருக்கிறது. உங்கள் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் நேர்முக மதிப்பெண்ணையும் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு பேசுவோம், தகுதியைப் பற்றி.