அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து மறுபரிசோதனைக்கு வருகிறவர், எழுந்து போகும் நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: “திரும்ப ஆடலாங்களா?” ஷட்டிலோ, கிரிக்கெட்டோ, வாலிபாலோ, அவரவர் ஆட்டம். நம் பதிலும் ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டது: “அடுத்த ஸ்கேன் வரட்டும், பாத்துக்கலாம்.” ஸ்கேன் நன்றாகவே வருகிறது. அதற்குள் அடுத்ததற்குத் தேதி குறித்தாகிறது. பெருங்குடல் புற்றுநோய் என்றால் ஐந்து ஆண்டுகள் இப்படியே ஓடிவிடும். முடியும்போது தோளும் முழங்காலும் இறுகியிருக்கும், கூட ஆடியவர்கள் வேறு ஜோடி சேர்ந்திருப்பார்கள்.

இந்தப் பதிலை இயன்முறை மருத்துவர்களாகிய நாம் கைவிட வேண்டும். மறுபரிசோதனை, நோய் திரும்பினால் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கான ஏற்பாடு. அதைக் காரணம் காட்டி ஆட்டத்தைத் தள்ளிப்போடச் சொல்லும் வழிகாட்டுதல் எதுவும் நம் துறையில் இல்லை.

யுவராஜ் சிங்கின் கதை எல்லோருக்கும் தெரியும். 2011 உலகக் கோப்பையில் 362 ரன்னும் 15 விக்கெட்டும் எடுத்துத் தொடர் நாயகனானவருக்கு, நெஞ்சுக்கூட்டின் நடுவே, இரு நுரையீரல்களுக்கு இடையில், செமினோமா வகைக் கட்டி. அமெரிக்காவில் கீமோ முடித்து 2012 ஏப்ரலில் ஊர் திரும்பினார். அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிரான இருபது ஓவர் ஆட்டத்தில் இறங்கி 26 பந்தில் 34 ரன் எடுத்தார். ஒரு ரன்னில் இந்தியா தோற்றது. ஆனாலும் அன்று அரங்கில் எழுந்த ஆரவாரத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடைப்பட்ட மாதங்களை. பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில் அவருடைய உடலைப் படிப்படியாகத் தேற்ற ஆட்கள் இருந்தார்கள். நம்மிடம் வருகிற தபால்காரருக்கும் ஆசிரியைக்கும் அந்த இடத்தில் இருப்பது நாம் மட்டுமே.

எல்லோராலும் பழைய உயரத்துக்குப் போக முடியாது என்பதும் உண்மை. மலேசியாவின் லீ சோங் வெய்க்கு 2018இல் மூக்கின் பின்பகுதித் தொண்டையில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. திரும்ப ஆட ஆசைப்பட்டவர், 2019 ஜூனில் ஓய்வை அறிவித்தார். சர்வதேசப் போட்டி அவருக்கு முடிந்துபோனது. நம்மிடம் வருகிறவர்கள் கேட்பது சர்வதேசப் போட்டியை அல்ல, மாலை ஆறு மணி ஆட்டத்தை.

அதற்கு ஆதாரம் இல்லை என்று இனியும் சொல்ல முடியாது. கனடாவைச் சேர்ந்த விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்ஸி 1996இல் வான்கூவரில், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த 24 பெண்களை டிராகன் படகுத் துடுப்புப் போடவைத்தார். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று அப்படிப்பட்ட பெண்களை எச்சரித்துவந்த காலம் அது. அவர்கள் யாருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. 2009இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களிடம் எடைப் பயிற்சியைச் சோதித்தபோதும் வீக்கம் கூடவில்லை. 2025 ஜூனில் வெளியான ‘சேலஞ்ச்’ ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரில் ஒரு பாதிக்கு மூன்றாண்டுக் கண்காணிப்பில் உடற்பயிற்சி. மறுபாதிக்கு அறிவுரைக் கையேடுகள் மட்டும். ஐந்தாம் ஆண்டில் நோயின்றி இருந்தவர்கள் முதல் குழுவில் 80 விழுக்காடு, மற்றதில் 74. தசை, மூட்டுத் தொந்தரவுகள் பயிற்சி செய்தவர்களிடம் சற்றுக் கூடுதல். அதைப் பார்த்துக்கொள்ளத்தானே நாம் இருக்கிறோம்.

சமீபத்தில் என்னிடம் வந்த ஒரு ஆசிரியையைச் சொல்ல வேண்டும். வலது மார்பில் அறுவை, அக்குள் நிணநீர்க் கணுக்கள் நீக்கம், பிறகு கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது, ரிப்போர்ட்டுகள் சுத்தம். வலக்கைக்காரர். முன்பு தினமும் ஷட்டில் ஆடியவர். சுவரை ஒட்டி நிற்கவைத்துக் கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். தோள் உயரம் தாண்டியதும் நின்றுவிட்டது. விரலால் தடவிப் பார்த்தால், அக்குளிலிருந்து முழங்கை நோக்கி முறுக்கிய நூல்போல விறைப்பாக ஒரு இழை. “கை தூக்க முடியலைன்னு ஏன்மா சொல்லல?” என்றேன். “ஆடலாம்னே யாரும் சொல்லலையே மேடம். தூக்கி என்ன பண்ணப்போறேன்னு விட்டுட்டேன்” என்றார். ஆட்டத்துக்கு அனுமதி இல்லாததால் கையும் கவனிப்பாரற்றுப் போயிருக்கிறது. இழையை நீவித் தளர்த்தி, தோள்பட்டை எலும்பின் அசைவை மீட்டு, பிறகுதான் ராக்கெட்டைக் கையில் கொடுத்தோம். முதலில் நெட் அருகே மட்டும், அப்புறம் அரைக் கோர்ட். வாரம் ஒருமுறை இரு கைகளின் சுற்றளவையும் டேப் வைத்து அளந்தோம். இப்போது இரட்டையர் ஆடுகிறார். ஸ்மாஷை ஜோடிக்கு விட்டுவிடுகிறார்.

எந்த மருந்து உள்ளே போயிருக்கிறது என்று பார்க்காமல் யாரையும் களத்துக்கு அனுப்பக் கூடாது. டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப், இடப்பக்க நெஞ்சில் கதிர்வீச்சு என்றால் சமீபத்திய எக்கோவைக் கேட்டு வாங்குங்கள். சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின், பாக்ளிடாக்செல் பெற்றவருக்குப் பாதம் மரத்திருக்கலாம். ஒற்றைக் காலில் தடுமாறுகிறவரை ஷட்டில் கோர்ட்டில் எட்டி ஊன்றவிடாதீர்கள். பிளியோமைசின் பெற்றவருக்குப் படியேறும்போது புதிதாக மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பின்னாளில் முழங்கால் தசைநார் அறுந்து அறுவைக்குப் போனாலும் அந்த மருந்தின் பெயரை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள், அதிக ஆக்சிஜன் அந்த நுரையீரலுக்கு ஆகாமல் போகலாம். எலும்புக்குப் பரவிய நோயில் மோதல் ஆட்டம் கூடாது. கீமோ போர்ட் எடுக்காதவருக்கும் கபடி வேண்டாம்.

நாம் சொல்ல மறப்பது தேதிக் கணக்கைத்தான். பெட் ஸ்கேனுக்கு முந்தைய நாள் கடுமையாக ஆடினால், உழைத்த தசைகள் சர்க்கரை மருந்தை இழுத்துக்கொண்டு படத்தில் பளிச்சிடும். குறைந்தது 24 மணி நேரம் ஓய்வு வேண்டும். எல்டிஹெச் அளவும் கடும் பயிற்சிக்குப் பின் ஏறும். விதைப்பைக் கட்டிகளின் கண்காணிப்பில் அதுவும் ஒரு குறியீடு என்பதால், ஒரு மாலை ஆட்டம் ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்துவிடலாம். பிஎஸ்ஏ பார்க்கும் ஆண்களை இரண்டு நாள் சைக்கிள் ஓட்டாமல் இருக்கச் சொல்வதும் வழக்கம். ரிவ்யூ தேதியைக் கேட்டு, அதைச் சுற்றிப் பயிற்சியை அமைத்துக் கொடுங்கள். வருகிறவரிடம் இருக்கும் பதற்றத்தில் பாதி அதிலேயே குறையும்.

மீதிப் பாதி, ஆட ஆரம்பித்த பிறகு வருவது. ஒவ்வொரு சுளுக்கும் ‘திரும்பிடுச்சோ’ என்று கேட்கவைக்கும். ஒரு வலியையும் அலட்சியமாகத் தள்ளாதீர்கள். புதுப் பயிற்சியின் தசைவலி இரண்டு மூன்று நாளில் அடங்கும், அசைத்தால் கூடும், ஓய்ந்தால் குறையும். படுத்தாலும் விடாத வலி, இரவில் எழுப்பும் முதுகுவலி, காரணமில்லாத எடை இழப்பு, கால் பலவீனம் ஆகியவற்றுக்குக் குறித்த தேதி வரை காத்திருக்கக் கூடாது. இந்த வித்தியாசத்தை முதல் நாளிலேயே தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் அவர் நிம்மதியாக ஆடுவார்.

ஆய்வுகளில் பெரும்பாலும் நடையும் எடைப் பயிற்சியும்தான் இருக்கின்றன. நம் ஊரில் ஆடுவது கபடி, பால் பேட்மிண்டன், சிலம்பம், டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். சிகிச்சைக்குப் பின் இவற்றுக்குத் திரும்பியவர்களை எப்படித் தயார்செய்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள், என்ன பிசகியது என்று எழுதி அனுப்புங்கள். நோயாளியின் பெயரும் அடையாளமும் வேண்டாம். ஆட்டம், சிகிச்சை, பயிற்சி அளவு, கால இடைவெளி போதும். வரும் இதழ்களில் அவற்றுக்குத் தனிப் பக்கங்கள் ஒதுக்குகிறோம்.