பிரம்புக்கு நாம் எழுதும் நன்றிக் கடிதங்கள்



ஒக்டோபர் 6 வந்தால் நமது ஊர்க்காரர்களின் முகநூல் முழுக்க ஆசிரியர் தின வாழ்த்துகள்தான். சந்தோஷம். ஆனால் கொஞ்சம் கவனித்து வாசித்தால் அதில் பாதி ஆசிரியருக்கு அல்ல, பிரம்புக்கு. "சேர் அன்றைக்கு அடித்த அடிதான் என்னை இன்றைக்கு ஆளாக்கியது." "டீச்சர் அடிமட்டத்தால் விரலில் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்." கீழே நூறு சிரிப்பு, இருநூறு இதயம். கடைசியில் யாராவது ஒருவர், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பறக்கத் கிடைக்கவில்லையே" என்று பெருமூச்சு விட்டு முடிப்பார்.

பாடசாலையில் வன்முறை என்றால் நமக்கு நினைவு வருவது பெஷாவர். 2014 டிசம்பர் 16, 130க்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே காலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அல்லது அமெரிக்காவில் எங்கோ நடந்த துப்பாக்கிச் சூடு. அதையும் பிரம்படியையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. நான் சொல்ல வருவது நினைவைப் பற்றி. அந்த வன்முறையை வன்முறை என்றே நினைவுகூர்கிறோம், துஆ கேட்கிறோம். நம் சொந்த வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாக நடந்ததை மட்டும் பகிடியாகவும் பறக்கத்தாகவும் நினைவுகூர்கிறோம்.

இந்த நினைவுகளை எழுதுகிறவர்கள் யார் என்று பாருங்கள். டொக்டர், பொறியியலாளர், அதிபர், கட்டாரில் நல்ல தொழிலில் இருப்பவர். அடியையும் தாண்டிப் படித்து வந்தவர்கள். அடிக்குப் பயந்து எட்டாம் ஆண்டோடு நின்றவர் ஆசிரியர் தினத்துக்குப் பதிவு போடுவதில்லை. பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை. பொன்விழா மலரில் அவர் கட்டுரை இல்லை. அவர் சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருப்பார், ஓட்டோ ஓட்டிக்கொண்டிருப்பார். தன்னை அடித்த சேர் ஓட்டோவில் ஏறினால் இன்றைக்கும் காசு வாங்க மாட்டார், அவ்வளவு மரியாதை. ஏன் படிப்பை விட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கு படிப்பு ஏறல்ல சேர்" என்பார். படிப்பு ஏறாத மண்டை தனக்கு என்று அவர் நம்பிவிட்டார் பாருங்கள், அந்த அடியில் மிஞ்சியது அதுதான். தழும்பு ஆறிவிடும்.

ஒவ்வொரு பாடசாலையிலும் சேர்வு இடாப்பு என்று ஒன்று உண்டு. பிள்ளை சேர்ந்த திகதி, விலகிய திகதி, விலகிய காரணம் எல்லாம் அதில் இருக்கும். நான் புரட்டிய பழைய இடாப்புகளில் காரணம் என்ற இடத்தில் "வறுமை" என்று இருக்கும், "வேறு பாடசாலை" என்று இருக்கும், "பாடசாலைக்கு வருவதில்லை" என்று இருக்கும். இந்தக் கடைசிக் காரணத்தை எழுதியவர் எந்த மனநிலையில் எழுதினாரோ தெரியாது. வராததற்குக் காரணம் வராததுதானாம். "அடி" என்று ஓரிடத்திலும் நான் காணவில்லை. இடாப்பு எழுதுவது நாங்கள்தானே.

இது நம் முன்னோர் வழக்கம் என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. திண்ணைப் பள்ளியிலும் குர்ஆன் மத்ரஸாவிலும் கம்பு இருந்ததுதான். ஆனால் அதற்குச் சட்டத்தில் இடம் போட்டுக் கொடுத்தது வெள்ளைக்காரன். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில், பலாத்காரம் பற்றிய 341ஆம் பிரிவுக்குக் கீழே உள்ள உதாரணங்களில் ஒரு பாடசாலை ஆசிரியர் வருகிறார். தன் மாணவனை நியாயமான அளவில் அடித்தால் அது குற்றமாகாது என்று விளக்குவதற்காக அவரை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதை எழுதித் தந்தவர்கள் தங்கள் நாட்டு அரச பாடசாலைகளில் 1987இல் பிரம்பைக் கீழே வைத்துவிட்டார்கள். நாம்தான் அவர்கள் விட்டுப்போனதை நம் பண்பாடு என்று கட்டிக்காக்கிறோம்.

நமது கல்வி அமைச்சும் சும்மா இருக்கவில்லை. 2005இல் ஒரு சுற்றுநிருபம், 2016இல் 12/2016 என்று இன்னொன்று, உடல் ரீதியான தண்டனை கூடாது என்று. ஆசிரியர் ஓய்வறையில் எத்தனை பேர் அதை முழுமையாக வாசித்திருப்பார்கள் என்று கேட்காதீர்கள். 2017இல் தென் மாகாணத்தில் ஓர் ஆசிரியர் அறைந்ததில் 15 வயது மாணவன் ஒருவனின் காது கேட்காமல் போனது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2021 பெப்ரவரியில் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்ப்பு வந்தது. 11ஆம் உறுப்புரை என்றால் என்ன தெரியுமா? சித்திரவதைக்கும் இழிவான நடத்தைக்கும் எதிரானது. பொலிஸ் நிலையத்தில் கைதியை அடித்தால் எந்த உறுப்புரை பேசுமோ அதே உறுப்புரை. அடித்த ஆசிரியர் தன் சொந்தக் காசில் நட்டஈடு கட்ட வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. அந்த மாணவனும் ஒரு நாள் பழைய மாணவன் ஆவான். ஆசிரியர் தினத்துக்கு அவன் என்ன பதிவு போடுவான்?

2025இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தச் சட்டமூலம் வந்தபோது நாட்டில் பெரிய விவாதம் நடந்தது. நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களிலும் நடந்தது. "பிரம்பை எடுத்ததால்தான் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டன, ஐஸ் பாவிக்கிறான்கள், ஆசிரியரை மதிப்பதில்லை" என்று. ஒரு சின்னக் கணக்கு. மேலே சொன்ன சுற்றுநிருபம் வந்தது 2005இல். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. அதில் கேட்கப்பட்ட பாடசாலை மாணவர்களில் 80 வீதத்துக்கும் மேற்பட்டோர் கடந்த ஒரு தவணைக்குள்ளேயே ஒரு தடவையாவது அப்படித் தண்டிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஆக, பிரம்பு போகவேயில்லை. போகாத பிரம்பு போனதால் பிள்ளைகள் எப்படிக் கெட்டார்கள்? பிரம்பு இருக்கும்போதே கெட்டிருக்கிறார்கள் என்றால் பிரம்பைப் பற்றி அல்லவா யோசிக்க வேண்டும்.

மார்க்கத்தை இழுப்பவர்களும் இருக்கிறார்கள். ஏழு வயதில் தொழுகையை ஏவுங்கள், பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள் என்ற கருத்தில் வரும் அபூதாவூத் ஹதீஸைக் காட்டுவார்கள். சரி. அது தொழுகைக்கு. மூன்று வருடம் பொறுமையாகச் சொல்லிப் பார்த்த பிறகு. முகத்தில் கூடாது, காயம் கூடாது, கோபத்தில் கூடாது என்று உலமாக்கள் நிபந்தனை போட்டிருக்கிறார்கள். அதில் எங்கே இருக்கிறது எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாததற்கு அடி? ஆங்கிலக் கொப்பி கொண்டுவராததற்கு அடி? அனஸ் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் சிறுவனாக நபிகளாரின் வீட்டில் பத்து வருடம் பணிவிடை செய்தார்கள். ஒரு நாளாவது "சீ" என்று கூட நபிகளார் சொன்னதில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். இந்த ஹதீஸை மீலாத் மேடையில் கண்ணீரோடு சொல்கிறோம். மறுநாள் காலையில் ஹிப்ழ் மத்ரஸாவில் நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லாதது போல நடந்துகொள்கிறோம்.

600 வருடங்களுக்கு முன் வாழ்ந்த இப்னு கல்தூன் தன் முகத்திமாவில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். கடுமை காட்டி வளர்க்கப்படும் மாணவனிடம் உற்சாகம் போய்ச் சோம்பல் வரும், பொய் வரும், கைக்குப் பயந்து உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடப்பான், பிறகு அதுவே அவன் குணமாகிவிடும் என்கிறார். அடித்தே ஆக வேண்டுமென்றாலும் மூன்றுக்கு மேல் கூடாது என்ற பழைய அறிஞர் ஒருவரின் கருத்தையும் எடுத்துச் சொல்கிறார். எங்கள் சமூகத்தில் பெரியவர் முன் தலைகுனிந்து நின்று, அவர் போனதும் வேறு மாதிரி நடப்பதைப் பற்றி அடிக்கடி கவலைப்படுகிறோமே, அந்தப் பாடத்தை எங்கே படித்தோம் என்று இப்னு கல்தூனிடம் கேட்கலாம்.

நாம் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. அடி எல்லாருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர் மகன், டொக்டரின் மகள், சக ஆசிரியரின் பிள்ளை வீட்டுவேலை செய்யாமல் வந்தால் "என்ன மகன், சுகமில்லையா?" உம்மா குவைத்தில், வாப்பா கடலில், உம்மும்மாவிடம் வளரும் பிள்ளை அதே வேலையைச் செய்யாமல் வந்தால் கையை நீட்டச் சொல்வோம். யாருக்காகக் கேட்க ஆள் வராது என்று கைக்குத் தெரியும். அந்த உம்மும்மா வந்தால்கூட, "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சேர்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். அது அனுமதி அல்ல. பாடசாலை வாசலில் குரலை உயர்த்தத் தெரியாத ஓர் ஏழையின் மரியாதை அது.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஓய்வறையில் எனக்குத் தேநீர் கிடைக்காது. ஒரு வகுப்பில் நாற்பது நாற்பத்தைந்து பிள்ளைகள். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியை வைத்து ஊர் எங்களை அளக்கிறது, வலயக் கல்வி அலுவலகம் அளக்கிறது. ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் என்று ஒருவர் பெயருக்கு இருப்பார், அவருக்கும் வாரம் முழுக்கப் பாடவேளை. சுற்றுநிருபம் அனுப்பியவர்கள் பிரம்பில்லாமல் அந்த வகுப்பை எப்படி நடத்துவது என்று பயிற்றுவிக்கவும் ஆள் அனுப்பியிருக்க வேண்டும். அதைக் கேட்டுப் போராடுவோம், நானும் வருகிறேன். ஆனால் அமைச்சு தராததற்கு விலையை அந்த உம்மும்மாவின் பேரன் தன் கையால் கட்ட வேண்டுமா?

நமது பாடசாலையின் விழா மலருக்கு இப்போது ஆக்கங்கள் சேர்க்கிறார்கள். மலர்க்குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். 80களிலும் 90களிலும் சாதாரண தரத்துக்கு முன்பே நின்றுபோனவர்களில் பத்துப் பேரைத் தேடிப் பிடித்து, ஏன் நின்றீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன மாதிரியே போடுவோம். அடித்த சேர்மாரின் பெயர் வேண்டாம், பலர் மௌத்தாகிவிட்டார்கள், அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்ளட்டும். "விழா மலரில் இதெல்லாம் எதுக்கு சேர்?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். இரண்டு பக்கம் தருவதாக இன்னொருவர் சொல்லியிருக்கிறார். அப்படி நின்றுபோனவர்களைத் தெரிந்தவர்கள், அல்லது அது நீங்களாகவே இருந்தால், உள்பெட்டியில் ஒரு வரி போடுங்கள். எழுத வராது என்றால் வீட்டுக்கு வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன். இன்றைக்கு நடந்துகொண்டிருப்பதைப் பற்றி என்றால் எனக்கு எழுதிக் காத்திருக்க வேண்டாம், 1929க்கு அழையுங்கள்.