வெற்றியில் கோச்சின் பங்கு எத்தனை அணா?

திருப்புறம்: நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து டீக்கடைகளிலும், காலை ரயிலில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நடுவிலும் கால்பந்துப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வழக்கு மட்டும் தீராமலே நிற்கிறது. கேரளா பிளாஸ்டர்ஸ் அணி 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து ஐ.எஸ்.எல். பிளே-ஆஃப் சுற்றை எட்டியது. அந்தப் பெருமை ஸெர்பியா நாட்டுக் கோச் இவான் வுகோமனோவிச்சைச் சேருமா, களத்தில் ஓடி வியர்த்த ஆட்டக்காரர்களைச் சேருமா என்பதே அவ்வழக்கு.

"அவர் வந்த பிறகுதானே அணிக்கே உயிர் வந்தது" என்பது ஒரு கட்சி. "மூன்று வருஷம் இருந்தும் ஒரு கோப்பை உண்டா?" என்பது எதிர்க்கட்சி. 2024 ஏப்ரலில் அவர் விலகிப் போன பின்பும் இரு தரப்பும் இறங்கி வரவில்லை.

இது வெறும் ரசிகர் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. எல்லைக்கு இப்புறம் பொழியூர், பூவாறு, அப்புறம் நீரோடி, தூத்தூர் எனக் கடலோரம் நெடுகிலும் பந்தை நம்பி உத்தியோகக் கனவு காணும் பையன்கள் ஏராளம். பந்து கற்றுக்கொடுப்பவனுக்கு வெற்றியில் என்ன பங்கு என்ற கேள்வி அவர்கள் வீட்டுக் கேள்வியும் ஆகிறது.

புள்ளிகள் சொல்வது

முதலில் கணக்கைப் பார்க்கலாம். 2020-21 பருவத்தில் பிளாஸ்டர்ஸ் 20 ஆட்டங்களில் பெற்றது 17 புள்ளி. 11 அணிகளில் பத்தாவது இடம். 2021-ல் வுகோமனோவிச் பொறுப்பேற்றார். அடுத்த பருவம் அதே 20 ஆட்டங்களில் 34 புள்ளி. சரியாக இரண்டு மடங்கு. நான்காவது இடம் பிடித்து அரை இறுதிக்குப் போன அணி, லீக் ஷீல்டு வென்றிருந்த ஜாம்ஷெட்பூரை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 2-1 என வெளியேற்றியது. 2022 மார்ச் 20 அன்று கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஹைதராபாத்துடன் 1-1 என்று சமன் செய்து, டைபிரேக்கரில்தான் தோற்றது.

கோவிட் காரணமாக அந்தப் பருவத்து லீக் ஆட்டங்கள் யாவும் கோவாவிலேயே, ரசிகர்கள் இல்லாத அரங்குகளில் நடந்தன. கொச்சியின் மஞ்சள் கூட்டம் துணைக்கு இல்லாமலே இது நடந்தது என்பதையும் கோச்சின் வரவில் வைக்க வேண்டும்.

எதிர்க்கட்சி வாதம்

ஆயினும் எதிர்க்கட்சி வெறுங்கையோடு வரவில்லை. அந்த ஆண்டு கோச் மட்டுமா புதிதாக வந்தார்? அட்ரியன் லூனா, அல்வாரோ வாஸ்குவேஸ், பெரைரா டியாஸ் ஆகிய மூவரும் அப்போதுதான் வந்தார்கள். வாஸ்குவேஸும் டியாஸும் ஆளுக்கு 8 கோல் போட்டார்கள். நல்ல அரிசி கிடைத்தால் யார் வடித்தாலும் சோறு நன்றாக இருக்கும் என்பது இவர்கள் பேச்சு.

இரண்டாவது வாதம் இன்னும் பலமானது. 2021-22 வரை முதல் நான்கு இடத்து அணிகளுக்கே பிளே-ஆஃப் வாய்ப்பு. 2022-23 முதல் அது ஆறாக்கப்பட்டது. அந்தப் பருவத்திலும் அடுத்த பருவத்திலும் பிளாஸ்டர்ஸ் பெற்றது ஐந்தாம் இடம்தான்; புள்ளிகள் முறையே 31, 33. பழைய விதியே நீடித்திருந்தால் இரண்டு முறையும் வீட்டோடு இருந்திருக்க வேண்டியதுதான். ஆக, "மூன்று தடவை பிளே-ஆஃப்" என்ற பெருமையில் இரண்டு தடவைக்கு விதி மாற்றம் கைகொடுத்திருக்கிறது.

மூன்றாவதாக, இறுதி ஆட்டம் என்பது பிளாஸ்டர்ஸுக்குப் புதிதல்ல. 2014-ல் டேவிட் ஜேம்ஸ் காலத்திலும், 2016-ல் ஸ்டீவ் காப்பெல் காலத்திலும் அணி இறுதிக்குப் போய்த் தோற்றுள்ளது. கோச்சுகள் மூவர், முடிவு ஒன்றே.

2023-24 பருவமும் யோசிக்க வைப்பது. 2023 டிசம்பர் முடிவில் 12 ஆட்டங்களில் 26 புள்ளியுடன் அணி முதலிடத்தில் இருந்தது. அந்த மாதத்தில் லூனா காயத்தால் விலகினார். மீதி 10 ஆட்டங்களில் கிடைத்தது 7 புள்ளி. கோச் அதே கோச்தான்.

சென்னையின் அனுபவம்

தமிழகத்தின் சென்னையின் எஃப்.சி. கதையும் இதற்குச் சாட்சி. 2018 மார்ச்சில் ஜான் கிரகரியின் பயிற்சியில் அது சாம்பியன் ஆயிற்று. அதே கிரகரி இருந்த அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளி மட்டுமே பெற்றுக் கடைசி இடம். 2019 டிசம்பரில் ஓவன் காயில் வந்து, தத்தளித்துக்கொண்டிருந்த அணியை அப்பருவத்தின் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். அதே காயில் மறுபடி சென்னைக்கு வந்தபோது 2023-24-ல் பிளே-ஆஃப் கண்டார். 2024-25-ல் 13 அணிகளில் 11-வது இடம் கண்டார்.

ஒரே மனிதர் ஓராண்டு மேதையாகவும் மறு ஆண்டு ஒன்றும் தெரியாதவராகவும் மாறிவிட முடியாது. சாதகமான ஆட்களும் சூழ்நிலையும் அமைந்தால் கோச்சின் திறமை பலன் தரும். அமையாவிட்டால் தராது என்பதே இதில் தெரிவது.

ஆட்கள் அப்படியே, கோச் மட்டும் மாறினால்?

இதற்கும் பிளாஸ்டர்ஸிலேயே விடை உண்டு. வுகோமனோவிச்சுக்குப் பின் வந்த ஸ்வீடன் நாட்டு மிக்கேல் ஸ்டாரே, 12 ஆட்டங்களில் 11 புள்ளி மட்டுமே பெற்று 2024 டிசம்பரில் நீக்கப்பட்டார். மீதி 12 ஆட்டங்களுக்குத் தற்காலிகப் பொறுப்பு, கிளப்பிலேயே இருந்த டி.ஜி. புருஷோத்தமனிடம் ஒப்படைக்கப்பட்டது. போலந்து நாட்டுத் துணைப் பயிற்சியாளர் ஒருவருடன் சேர்ந்து அவர் பெற்றுக்கொடுத்தது 18 புள்ளி. ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள். 7 புள்ளி கூடுதல். அணி எட்டாம் இடத்தோடு நின்று பிளே-ஆஃபை இழந்தது வேறு விஷயம்.

ஆட்டத்துக்கு ஒன்றரைப் புள்ளி என்ற இந்த விகிதம், வுகோமனோவிச்சின் கடைசிப் பருவத்து விகிதமேதான். எனவே கோச்சால் ஒன்றும் ஆவதில்லை என்பாரின் வாதம் இங்கே அடிபடுகிறது. வெளிநாட்டுக் கோச்சால்தான் ஆகும் என்பாரின் வாதமும் கூடவே அடிபடுகிறது.

நஷ்டத்தின் பங்கு

லாபத்தில் பங்கு கேட்பவர் நஷ்டத்திலும் பங்கு ஏற்க வேண்டும். 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் நடந்த பிளே-ஆஃபில், கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக் கோலாக ஏற்கப்பட்டது. தடுப்புக்கு ஆள் நிறுத்துமுன் அடித்தது தவறு என்று வுகோமனோவிச் தம் அணியையே களத்திலிருந்து வெளியே அழைத்தார். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். அவருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும். நடுவர் செய்தது சரியோ தவறோ, மீதி நிமிஷங்களை ஆடும் வாய்ப்பு ஆட்டக்காரர்களுக்குப் போயிற்று. அந்த முடிவு முழுக்க அவருடையது.

அந்தத் தடையால் அடுத்த ஐ.எஸ்.எல். பருவத்தின் முதல் 4 ஆட்டங்களில் அவர் பெஞ்சில் இல்லை. அணி இரண்டில் வென்று, ஒன்றைச் சமன் செய்து, ஒன்றில் தோற்றது. கோட்டருகே நின்று கை வீசுவது அல்ல, வாரம் முழுவதும் மைதானத்தில் கற்றுக்கொடுப்பதே கோச்சின் உண்மையான வேலை என்பதற்கு இது அத்தாட்சி.

சர்க்கார் போட்ட கணக்கு

வெற்றியைப் பங்கு பிரிக்கும் வேலையைக் கேரள சர்க்காரும் ஒருமுறை செய்திருக்கிறது. 2022 மே 2 அன்று மஞ்சேரியில் மேற்கு வங்கத்தை டைபிரேக்கரில் வென்று சந்தோஷ் டிராபி கைப்பற்றிய அணிக்கு 1 கோடியே 14 லட்சம் ரூபாய் சன்மானம் அறிவிக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் 20 பேருக்கும் தலைக்கு 5 லட்சம். தலைமைக் கோச் பினோ ஜார்ஜுக்கும் 5 லட்சம். உதவிக் கோச், மானேஜர், கோல்கீப்பர் பயிற்சியாளர் ஆகியோருக்குத் தலைக்கு 3 லட்சம். அதாவது, கோச் ஓர் ஆட்டக்காரருக்குச் சமம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மோசமான கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் அடங்காத ஒன்று உண்டு. 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3-2 என வென்று கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் டிராபி எடுத்தது. மூன்று கோலும் காப்டன் மணியுடையவை. அவர் பெயர் நிலைத்துவிட்டது. கோச்சாக இருந்த ரோம் ஒலிம்பிக் வீரர் சைமன் சுந்தரராஜை நினைப்பவர் குறைவு. அவரிடம் ஆடிய டி.ஏ. ஜாஃபர் பிற்பாடு கோச்சாகி 1992, 1993 இரண்டு ஆண்டும் கேரளத்துக்கு அதே கோப்பையைக் கொண்டுவந்தார். 1973-ன் வித்து இருபது ஆண்டு கழித்தும் பலன் தந்திருக்கிறது. கோச்சின் பங்கை அளக்க ஒரு பருவம் போதாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தீர்ப்பு

ஆகவே வழக்கை இப்படி முடிக்கலாம். ஆண்டு முழுவதும் நடக்கும் லீக்கில் பெறும் புள்ளிகளில் கோச்சுக்குக் கணிசமான பங்கு உண்டு. அணியைப் போட்டிக்குத் தகுதியாக்குவது அவரே. பிளே-ஆஃப் என்பது ஒன்றிரண்டு ஆட்டத்து விவகாரம். காயம், டைபிரேக்கர், நடுவரின் விசில் இவற்றில் ஏதேனும் ஒன்று முடிவைப் புரட்டிவிடும். அதில் வென்றதற்காகத் தலையில் தூக்கி வைப்பதும், தோற்றதற்காகத் துரத்துவதும் சரியான அளவுகோல் அல்ல. வுகோமனோவிச்சுக்கு 2021-22 பருவத்து ஏற்றத்தில் ரூபாய்க்கு எட்டணா கொடுத்தால் தாராளம். பின் இரண்டு ஆண்டுக்கு அதனினும் குறைவே.

2018-ல் கொல்கத்தாவில் கோப்பை வென்ற கேரள அணியில் பொழியூர்ப் பையன் சீசன் இருந்தார். கோச் சதீவன் பாலன் பெயரும் பத்திரிகைகளில் வந்தது, வரவேண்டியதே. ஆனால் பத்து வயதில் கடற்கரை மணலில் பந்தை நிறுத்தி உதைக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் எந்தச் சன்மானப் பட்டியலிலும் இல்லை. மீன்பிடித் தொழிலுக்குப் போய் வந்து, மாலையில் ஊர்ப் பையன்களைக் கூட்டிப் பயிற்சி கொடுப்பவர்கள் இந்தக் கரையோரத்தில் இன்றும் உண்டு. மாநில அணிக்குப் போகிற ஒவ்வொரு பையனின் முதல் ஆசான் பெயரையும் பதிவு செய்து, சன்மானத்தில் ஒரு சிறு பங்கு அவருக்கும் ஒதுக்கச் சர்க்காரும் கால்பந்துச் சங்கமும் முன்வர வேண்டும். கோச்சுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்கும்போது, எந்தக் கோச்சுக்கு என்றும் சேர்த்துக் கேட்பதே நியாயம்.